சபா சாம்பாரும் ஒரு ஃப்ளாப்பியும்

என் அப்பா சாம்பாரில் வெல்லம் போடுவார். ருசிக்கு ஒரு துணுக்கு என்றால் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அவர் உருண்டை உருண்டையாகப் போடுவார். அதில் இட்லியைத் தோய்த்து வாயில் வைத்தால், சாப்பிடுவது டிபனா பாயசமா என்று சந்தேகம் வந்துவிடும். நான் சொல்லிப் பார்த்தேன், அம்மா சொல்லிப் பார்த்தாள், வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரர்கள் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அப்பா வைத்திருந்த பதில் ஒன்றுதான். "ஆத்து நாக்கு வேற, ஊர் நாக்கு வேற. பேசாம சாப்பிடுங்கோ" என்பார். நாங்களும் பேசாமல் சாப்பிடுவோம்.

இந்த வெல்லம் அவருக்கு வடபழனியில் ஒட்டிக்கொண்டது. அங்கே கல்யாண மண்டபங்களுக்குச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் ஒருவரிடம் அப்பா வெகுகாலம் மாஸ்டராக இருந்தார். அந்த முதலாளி மேற்குக் கடற்கரைப் பக்கத்துக்காரர். அவர் ஊரில் சாம்பார் தித்திக்கும், அதனால் அவர் எடுத்த கல்யாணங்களிலும் தித்தித்தது. கல்யாணத்துக்கு வந்தவர் யாராவது சாம்பார் சரியில்லை என்று சண்டை பிடிப்பாரா? சாப்பிட்டு, கை கழுவி, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். அந்த மௌனத்தைத்தான் அப்பா இத்தனை வருஷமும் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மார்கழிக்கு, மயிலாப்பூரில் ஒரு சபாவின் கேன்டீன் அப்பாவுக்குக் கிடைத்தது. வடபழனி வேலையை விட்டுவிட்டு வந்தார். முதல் தடவையாக அவரே முதலாளி. வாசலில் அவர் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒரு போர்டு வைத்தார்கள். வேலைக்கு நடுவே அப்பா கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தெருவைப் பார்ப்பவர் போல நின்று, அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு உள்ளே போவார். சபாக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்: இந்த சீசன் ஜனங்களுக்குப் பிடித்தால் அடுத்த வருஷமும் நீங்கள்தான், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம். திரும்ப வடபழனிக்குப் போய்க் கை கட்டி நிற்க அப்பாவால் முடியாது. எங்கள் வீட்டு மூன்று பேருக்கும் அது தெரியும்.

நான் அப்போது தி.நகரில், லிஃப்ட் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆப்பரேட்டராக இருந்தேன். பாண்டி பஜார் பின்னால் ஒரு சந்து, மாடியில் ஆபீஸ். அந்த மாடிக்கு லிஃப்ட் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் லிஃப்ட் நின்றுவிட்டால் புகார்க் கடிதம் எழுதுவார்கள். அதற்குப் பதில் தட்டுவது என் வேலை. அந்தக் கடிதங்களைப் படித்துப் படித்து எனக்கு ஒன்று பிடிபட்டது. கன்னாபின்னாவென்று திட்டி எழுதினால் மேனேஜர் அசைய மாட்டார். ஒரு தடவை ஒரு மாமி இப்படி எழுதியிருந்தாள்: "மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றோம். என் மாமியார் விஷ்ணு சகஸ்ரநாமத்தை முழுவதும் சொல்லி முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்." அன்றைக்கே மெக்கானிக் ஓடினான்.

இன்னொன்றும் அந்த ஆபீஸில்தான் கற்றுக்கொண்டேன். எங்களுக்கு வைத்த குடிதண்ணீரில் ஏதோ மிதந்துகொண்டே இருக்கும். அக்கவுண்ட்ஸ் பிரிவில் யாரோ பேர் போடாமல் ஒரு மனுவைத் தட்டி, ஃப்ளாப்பியில் போட்டு, மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டார்கள். மேனேஜர் அதைத் திறந்தார். படித்தார். அப்புறம் ஃபைல் மெனுவில் ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒன்று இருக்குமே, அதைத் தட்டினார். எழுதியவர் பேர், கம்பெனி பேர், கடைசியாகச் சேமித்தவர் பேர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் சமர்த்தாக ஒப்பித்தது. அக்கவுண்ட்ஸ்காரரை உள்ளே கூப்பிட்டு, அடுத்த தடவை நேரில் வந்து சொல்லுமய்யா என்று சிரித்தாராம். தண்ணீர் மாறியது. அந்த அக்கவுண்ட்ஸ்காரர் மட்டும் கம்ப்யூட்டரை ஒரு மாதிரி முறைத்துக்கொண்டே வேலை பார்த்தார்.

சீசன் ஆரம்பித்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பனகல் பார்க்கில் பஸ் பிடித்து, நேரே சபாவுக்கு வந்து, கேன்டீனில் டோக்கன் கொடுக்க உட்காருவேன்; அம்மா உள்ளே அடுப்படியில் அப்பாவுக்கு உதவியாக நிற்பாள். முதல் நாளே தெரிந்துவிட்டது. தட்டுகள் திரும்பி வரும்போது இட்லி காலியாகியிருந்தது, வடை காலியாகியிருந்தது, சாம்பார் மட்டும் கிண்ணத்தோடு அப்படியே இருந்தது. பட்டுப்புடவைக்காரி ஒருத்தி சட்னியை வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு மாமாக்கள் கை கழுவிக்கொண்டே, அடுத்த தெரு சபாவில் சாம்பார் நன்றாக இருக்கிறதாம், நாளைக்கு அங்கே சாப்பிட்டுவிட்டு இங்கே பாட்டுக் கேட்க வரலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

அதை அப்படியே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். "உனக்கு சின்ன வயசிலேர்ந்து என் சாம்பார் பிடிக்காது. அதான் காதுல அப்படி விழறது" என்றார் அவர். எனக்கு வந்ததே கோபம். வீட்டில் இருக்கிறவள் நாக்கு நாக்கே இல்லையாம், வெளியிலிருந்து யாராவது வந்து சொல்ல வேண்டுமாம். சரி, ஊர் நாக்கு பேசினால்தானே கேட்பீர், ஊர் நாக்கே பேசட்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

வழியும் பக்கத்திலேயே இருந்தது. சபாவின் பொருளாளர் மாமா தினமும் ஒரு பக்கத்தில் செய்தித்தாள் ஒன்று அடித்து, கேன்டீன் பக்கத்துப் பலகையில் ஒட்டுவார். அன்றைய கச்சேரி, நேற்றைய கச்சேரி பற்றி நாலு வார்த்தை, காணாமல் போன குடை, இப்படி. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளை வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரைச் சபா அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு வேலை வைக்க வேண்டுமே என்று அவர் கண்டுபிடித்த வேலை அது. வாசலில் ஒரு பெட்டி வைத்து, ரசிகர்கள் தங்கள் கருத்தை எழுதிப் போடலாம் என்று அறிவித்திருந்தார். அதன் கீழே, ஃப்ளாப்பியில் தட்டிக் கொடுப்பவர்களுக்கு முன்னுரிமை என்று பெருமையாக ஒரு வரி. காகிதத்தில் எழுதிப் போட்டவர்கள் நாள்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். அதோடு, என் கையெழுத்தை அப்பா இருட்டில்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

மறுநாள் ஆபீஸில் சாப்பாட்டு வேளையில் எல்லோரும் டப்பாவைத் திறந்தபோது, நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். மாமியாரும் சகஸ்ரநாமமும்தான் எனக்கு முன்மாதிரி. இப்படித் தட்டினேன்: "நேற்று நமது சபா கேன்டீனில் இட்லி சாப்பிட்டேன். இட்லி பூ மாதிரி இருந்தது. சாம்பார் தித்தித்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் சர்க்கரை வியாதிக்காரர். கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு, இதற்கு நான் அல்வாவே சாப்பிட்டிருப்பேனே என்று வருத்தப்பட்டார்." கீழே, ஒரு ரசிகர் என்று போட்டேன். பெரியவரும் கிடையாது, வியாதியும் கிடையாது. அல்வா மட்டும் நிஜமாகவே அன்றைக்கு இருந்தது.

அப்போதுதான் அக்கவுண்ட்ஸ்காரர் ஞாபகம் வந்து, கை நின்றது. இதை இப்படியே ஃப்ளாப்பியில் போட்டுக் கொடுத்தால் பொருளாளர் மாமா ஒரு தட்டுத் தட்டுவார், என் பேரும் கம்பெனி பேரும் பல்லைக் காட்டும். நல்ல வேளையாக, கம்ப்யூட்டர்களைச் சர்வீஸ் செய்ய வடபழனியிலிருந்து மாதாமாதம் வரும் ஆள் அன்றைக்கு வந்திருந்தார். பக்கத்து மேஜையில் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டி, அதிலிருந்து மிக்சர் உதிர்வதை ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு ஃபைலில் எழுதினவர் பேர் தெரியாமல் பண்ண முடியுமா என்று, யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன்.

"இன்னா மேடம், மொட்டை பெட்டிஷனா?" என்று சிரித்தார். "டூல்ஸ்ல போ. அதுல ஆப்ஷன்ஸ் கீது. உள்ள போனா யூசர் இன்ஃபர்மேஷன்னு ஒண்ணு கீது பாரு, அங்கதான் உன் ஜாதகமே கீது. அத்த தூக்கிடு. அப்பால ப்ராப்பர்ட்டீஸ்ல கம்பெனி பேரையும் தூக்கிடு. பிரம்மா வந்தாலும் கண்டுபுடிக்க முடியாது."

போனேன். ஜாதகம்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கம்ப்யூட்டர் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்ட விவரங்கள், மூன்று கட்டங்களில் அப்படியே இருந்தன. பேர் என்ற கட்டத்தில் என் பேர். முகவரி என்ற கட்டத்தில், கேட்டுவிட்டதே பாவம் என்று, எங்கள் வீட்டுக் கதவிலக்கத்திலிருந்து பின்கோடு வரை தட்டியிருந்தேன். நடுவில் இனிஷியல் என்று ஒரு சின்னக் கட்டம். அதில் அப்பா பேரின் முதலெழுத்து, ஆங்கிலத்தில் ஒற்றை 'வி'. வெள்ளைக்காரர்கள் இனிஷியல் என்றால் தங்கள் சொந்தப் பேரின் முதலெழுத்துகளைத்தான் சொல்வார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இனிஷியல் என்றால் அப்பா. கம்ப்யூட்டர் கேட்டபோதும் அப்பாவைத்தான் கொடுத்திருந்தேன்.

பேரை அழித்தேன். முகவரியை அழித்தேன். கம்பெனி பேரை அழித்தேன். இனிஷியலைப் பார்த்தேன், விட்டுவிட்டேன். மறந்துபோய் விடவில்லை. அது என் சொந்த விவரம் என்றே எனக்குத் தோன்றவில்லை. மறைய வேண்டியவள் நான்தானே, அதில் அப்பாவுக்கு என்ன வேலை? ஃபைலைச் சேமித்து, ப்ராப்பர்ட்டீஸைத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஃப்ளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஏதோ சாதித்துவிட்ட மாதிரி தயிர்சாதம் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் பலகையில் என் நாலு வரி வந்துவிட்டது. கச்சேரி விமரிசனத்தை விட்டுவிட்டு ஜனங்கள் அதைப் படித்தார்கள். படித்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு அப்பா கரண்டியும் கையுமாக வெளியே வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு படித்தார். காது சிவந்தது. திரும்பி, அங்கே நின்றுகொண்டிருந்த ஒவ்வொருவர் முகத்தையும், இவனா, இவனா என்று பார்த்தார். நான் டோக்கன் கட்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டு எண்ணுகிற மாதிரி பாவனை செய்தேன்.

வீட்டில் அன்றைக்குப் பெரிய கூத்து. அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "எவன் அவன்? அல்வா சாப்ட்டிருப்பானாமே, அல்வா" என்று அரற்றினார். அம்மாவிடம் நான் முன்பே ரகசியத்தைச் சொல்லியிருந்தேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். தோள் குலுங்குவது எனக்கு இங்கிருந்து தெரிந்தது.

ஆனால் மறுநாள் சாம்பாரில் வெல்லம் பாதியாகக் குறைந்திருந்தது. அதற்கு மறுநாள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. இந்தத் தடவை வெல்லம் மட்டம், கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், அதனால்தான் குறைத்துப் போடுகிறேன் என்று, யாரும் கேட்காமலே அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சாம்பார் கிண்ணங்கள் காலியாகத் திரும்பி வந்தன. பாட்டு நின்று மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் கேன்டீனுக்குள் நுழைந்த கூட்டத்தில், அடுத்த தெரு சபாவுக்குப் போன அந்த இரண்டு மாமாக்களும் இருந்தார்கள். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு அளவே இல்லை. கூடவே பற்றிக்கொண்டும் வந்தது. எத்தனை வருஷமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறேன். ஊர் பேர் தெரியாத எவனோ நாலு வரி எழுதியதும் கேட்டுவிட்டாரே மனுஷர்.

அப்புறம் என்னை யார் நிறுத்துவது. உருளைக்கிழங்கு போண்டா எண்ணெய் குடிக்கிறது என்று எழுத, பிழிந்து சாப்பிட்ட ஒரு நாட்டியக்காரரைக் கற்பனை செய்தேன். கூட்டம் கூடியதும் காபி நீர்த்துவிடுகிறது என்று எழுத, மூன்றாவது தடவை வாங்கிய காபியில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்ட ஒரு மிருதங்கக்காரரைக் கற்பனை செய்தேன். எழுதியதெல்லாம் மறுநாளே சரியாயிற்று. பலகைக்கு முன்னால் கூட்டம், கேன்டீனுக்குள் கூட்டம். அப்பா பேசுவதும் மாறிக்கொண்டே வந்தது. முதலில் எவன் என்றார். ஒரு வாரத்தில் அந்த ரசிகன் ஆயிற்று. அப்புறம் அவர், இவர் என்று மரியாதை வந்துவிட்டது. புதிதாக ஒரு பதார்த்தம் போட்டால், கையில் எடுத்துப் பார்த்து, "இதுக்கு அவர் என்ன சொல்வாரோ" என்பார். "அது நாக்கு" என்று என்னிடமே சொன்னார். எனக்குத் தரையில் விழுந்து புரள வேண்டும் போலிருந்தது.

ஆனால் உள்ளுக்குள் ஒரு பயமும் இருந்துகொண்டே இருந்தது. எழுதுவது நான்தான் என்று தெரிந்தால் எல்லாம் முடிந்தது. அது உடனே ஆத்து நாக்காகிவிடும். மறுநாளே வெல்ல உருண்டைகள் அண்டாவில் தொபுக் தொபுக்கென்று விழும். சபாக் கமிட்டி முடிவு செய்கிற நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது.

பொருளாளர் மாமா வேறு சும்மா இருக்கவில்லை. ஃப்ளாப்பி வந்த முதல் நாளே ப்ராப்பர்ட்டீஸைத் தட்டிப் பார்த்திருக்கிறார். ஒன்றும் இல்லை என்றதும் அவருக்கு அது ஒரு மானப் பிரச்சினையாகிவிட்டது. ஆசாமி கைதேர்ந்தவர், அடையாறு பக்கம் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் இருப்பவராக இருக்க வேண்டும் என்று கச்சேரி இடைவேளையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் என் ஃப்ளாப்பியைப் பெட்டி மேலேயே வைத்து, எழுதியவர் இதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டும் வைத்துவிட்டு, தூணுக்குப் பின்னால் மறைந்து நின்றார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. கடைசியில் அதை எடுத்தவர் அப்பா. அது என்ன வஸ்து என்று அவருக்குத் தெரியாது. தட்டையாக, சதுரமாக, நல்ல கெட்டியாக இருக்கிறதே என்று கொண்டுபோய்த் தன் காபி டபராவுக்கு அடியில் வைத்துக்கொண்டார். தூணுக்குப் பின்னாலிருந்து வந்த மாமா தலையில் அடித்துக்கொண்டு போனார்.

இப்படியே சீசன் முடிந்திருந்தால் நான் மாட்டியிருக்க மாட்டேன். என்னை மாட்டிவிட்டது ரவா கிச்சடி.

அப்பாவின் ரவா கிச்சடி வடபழனி முதலாளியிடம் கற்றதில்லை. யாரிடமும் கற்றதில்லை. நான் சின்னவளாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்து, எதையும் சாப்பிட மாட்டேன் என்று அழுத ஒரு நாளில், கையில் அகப்பட்ட காய்களைப் போட்டு அவராகவே கிண்டியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாவிட்டாலும் அதுதான். கடைசி வாரத்தில் கேன்டீனில் அதைப் போட்டார். திட்டித் திட்டியே எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. குறைகள் இரண்டைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "கிச்சடியை மட்டும் யார் என்ன சொன்னாலும் மாற்றாதீர்கள், அது இந்த ஒரு கைக்குத்தான் வரும்."

மறுநாள் பலகையில் போய்ப் பார்க்கிறேன், குறைகள் இருக்கின்றன, அந்த வரி இல்லை. அரங்கேற்றம் ஒன்றுக்கு வாழ்த்துப் போட இடம் வேண்டுமென்று மாமா கத்தரித்துவிட்டார். வந்த கோபத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. இத்தனை நாள் திட்டினதையெல்லாம் ஒரு எழுத்துக் குறையாமல் போட்டார், அப்பாவைப் பற்றி ஒரே ஒரு நல்ல வார்த்தை சொன்னேன், அதற்கு இடமில்லையாம்.

அடுத்த ஃப்ளாப்பியில் அதே வரியை மறுபடி தட்டினேன். தட்டியதோடு நிற்கவில்லை. அந்தச் சாஃப்ட்வேரில், எழுதியதற்குப் பக்கத்தில் தனியாகக் குறிப்பு ஒன்றை ஒட்டிவைக்கிற வசதி உண்டு. ஆபீஸில் மேனேஜர் என் கடிதங்களில் அப்படித்தான் திருத்தம் சொல்லுவார். அந்த வரியின் பக்கத்தில் ஒட்டினேன்: "இந்த வரியை வெட்டக்கூடாது. இடமில்லை என்றால் திட்டியிருப்பதை வெட்டிக்கொள்ளவும்." கோபத்தில் இருந்தவள் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஒட்டுகிற ஒவ்வொரு குறிப்பின் தலையிலும், அதை ஒட்டியவரின் இனிஷியலை அந்தச் சாஃப்ட்வேர் தானாகவே போட்டுவிடும். பேர்க் கட்டம் காலி. இனிஷியல் கட்டம் காலி இல்லையே.

மறுநாள் சாயங்காலம் நான் கேன்டீனில் உட்கார்ந்திருக்கிறேன். அப்பா அண்டாவிலிருந்து வாளிக்குச் சாம்பார் மாற்றிக்கொண்டிருக்கிறார். பொருளாளர் மாமா ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"ஆசாமி மாட்டிண்டார்" என்றார், கேன்டீன் முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "பேரை அழிச்சார், ஊரை அழிச்சார். இனிஷியலை விட்டுட்டார். 'வி'. அவரோட தோப்பனார் பேர் 'வி'-ல ஆரம்பிக்கறது."

அவரும் என்னைப் போலத்தான். இனிஷியல் என்றால் அவருக்கும் அப்பா. நான் குனிந்து டோக்கன்களை எண்ண ஆரம்பித்தேன். ஆனால் மயிலாப்பூரில் 'வி' அப்பாவுக்கா பஞ்சம்? கேன்டீனில் பாதிப் பேருக்கு அந்த இனிஷியல்தான். நீங்களா, நான் இல்லை நீங்கள்தான் என்று ஒருவரையொருவர் கையைக் காட்டி, ஒரே சிரிப்பு. பொருளாளர் மாமாவுக்கே இனிஷியல் 'வி' என்று யாரோ கண்டுபிடித்துச் சொல்ல, அவர் திருதிருவென்று விழித்தார். அப்பாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

"அப்படி என்னதான் எழுதியிருக்கார் இன்னிக்கு?" என்று அப்பா கேட்டார். மாமா கிச்சடி வரியைப் படித்தார். இந்த வரியை வெட்டக்கூடாது, திட்டியிருப்பதை வெட்டிக்கொள்ளவும் என்ற குறிப்பையும் படித்தார்.

அப்பாவின் சிரிப்பு நின்றது. கரண்டி வாளிக்குள் அப்படியே நின்றது. வாசல் பக்கம் திரும்பி, தன் பேர் எழுதிய போர்டைப் பார்த்தார். உள்ளேயிருந்து பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும், இருந்தாலும் பார்த்தார். என் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. போச்சு, எல்லாம் போச்சு, கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கு நிச்சயமாயிற்று. வெல்ல டின் அவர் காலடியிலேயே இருந்தது.

"போறும், எல்லாரையும் படுத்தாதீங்கோ" என்றார் அப்பா, நிதானமாக. "நான்தான் எழுதிண்டேன்னு வெச்சுக்கோங்கோ."

கேன்டீனே அதிர்கிற மாதிரி சிரித்தார்கள். தன் சாம்பாரைத் தானே இப்படிக் கிழிக்கிறவர் எந்த உலகத்தில் இருக்கிறார் என்று ஒருவர் அப்பாவின் முதுகில் தட்டினார். பொருளாளர் மாமாவும் சிரித்துவிட்டு, காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எழுதினது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்று கமிட்டியில் இன்றைக்குப் பேசி முடித்துவிட்டோம், அதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன் என்றார். அம்மா உள்ளேயிருந்து வாணலியைக் கீழே போட்ட சத்தம் கேட்டது.

அன்றைய பெரிய கச்சேரி ஆரம்பித்து, கூட்டம் முழுவதும் அரங்கத்துக்குள் போயிற்று. கேன்டீன் காலி. அப்பா ஒரு தட்டில் இரண்டு இட்லியும், ஒரு கிண்ணத்தில் சாம்பாரும், ஓரமாக ஒரு கரண்டி கிச்சடியும் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். என் டோக்கன் மேஜையில் வைத்தார். எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என் பேரை இனிஷியலாப் போட்டுக்கறவா லோகத்துலயே ரெண்டு பேர்தான்" என்றார். "அதுல ஒருத்திக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

அப்பா சாம்பார்க் கிண்ணத்தை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"சாப்ட்டுட்டு, எப்படியிருக்குன்னு சொல்லு."

பிறந்ததிலிருந்து அவர் கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். இட்லியைப் பிட்டு, தோய்த்து, வாயில் போட்டேன். அவசரப்படாமல் மென்றேன். அப்பா முழங்கைகளை மேஜையில் ஊன்றிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

"உப்பு ஒரு சிட்டிகை கம்மி" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய், அண்டாவில் உப்பைப் போட்டுக் கிளறினார்.